அந்த அம்மாவுக்குப் பெயர் இல்லையா?

நீலகிரிப் படங்களை கேலரியில் மாட்டும்போது, எடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கூடை சுமக்கும் அம்மா மட்டும் பெரும்பாலும், ‘தேயிலைத் தொழிலாளி, குன்னூர்.’ அவ்வளவுதான்!

பழைய வியாதி இது. 1873-ல் பிரீக்ஸ், மார்ஷல் என இரண்டு வெள்ளைக்காரர்களின் புத்தகங்கள் படங்களோடு வந்தன. மார்ஷல், தோடர்களின் தலை அமைப்பைப் பார்த்தே குணம் சொன்னார். மனிதர்கள் அங்கே வெறும் ‘மாதிரிகள்’.

மாற முடியாதா என்ன? 2022-ல் பெர்லினில், தயானிதா சிங்கின் இத்தனை வருடப் படைப்புகளைத் திரும்பிப் பார்க்கும் பெரிய கண்காட்சி நடந்தது. டெல்லி திருநங்கை மோனா அகமது பற்றி அவர் 2001-ல் போட்ட புத்தகத்தில், படம் தயானிதாவுடையது, வார்த்தைகள் மோனாவுடையவை.

மேடையேறி ‘என் கலைப்பயணம்’ பேசும் புகைப்படக்காரர்களே, பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுங்கள். அந்த அம்மாவும் பேசட்டுமே!