கழுத்துப்பட்டி கட்டிய தொழிலாளி

காப்புறுதி என்னும் கருத்திலே குற்றங்காண நாம் முன்வரவில்லை. ஒருவன் தலையில் விழும் இடியைப் பலர் பங்கிட்டுத் தாங்குவது உயர்ந்த சமுதாயக் கருத்தே. வீடு எரிந்தவனுக்கு எரியாத வீட்டார் கைகொடுப்பதும், உழைப்பவன் மாண்டால் அவன் பிள்ளைகள் தெருவில் நிற்காதபடி பலர் சிறுகச் சிறுகச் சேர்த்து வைப்பதும் கூட்டு வாழ்வின் பண்புகள். நமது கேள்வி வேறு. அந்தப் பாதுகாப்பை வெயிலிலும் மழையிலும் வீடு வீடாகச் சென்று விற்கிறானே, அவனுக்கு எந்தப் பாதுகாப்பு உண்டு?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவரையும், பட்டம் பெற்றும் தொழில் கிட்டாத இளைஞரையும் பெருங் காப்புறுதிக் கம்பனிகள் இன்முகத்தோடு வரவேற்கின்றன. கழுத்துப்பட்டி, பெயர் பொறித்த அட்டை, ‘ஆலோசகர்’ என்ற பட்டம் எல்லாம் உடனே கிடைக்கின்றன. ஆனால், அவர்களிற் பெரும்பாலார் கையொப்பமிடுவது நியமனக் கடிதத்தில் அன்று, முகவர் ஒப்பந்தத்தில். அவர்கள் பெறுவது சம்பளமன்று, தரகு. ஒப்பந்தத்தின்படி அவர்கள் ஊழியர் அல்லர் என்பதால் ஊழியர் சேமலாப நிதியும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் பொதுவாக அவர்களை எட்டுவதில்லை. எனினும் காலைக் கூட்டத்துக்குப் பிந்தினால் கேள்வி உண்டு. மாத இலக்கை எட்டாவிட்டால் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நிற்க வைப்பதும் உண்டு. கட்டளைக்கு ஊழியன், உரிமைக்கு அந்நியன்! இந்த இரட்டை வேடத்தைக் கம்பனிகள் ‘நமது குடும்பம்’ என்று அழைக்கின்றன.

இதன் பொறிமுறையை நோக்குவோம். ஆயுட் காப்புறுதியில் முதலாண்டுத் தரகு பெரிது. பின்வரும் ஆண்டுகளில் அது தேய்ந்துபோகும். ஆதலால் முகவர் எந்நாளும் புதிய ஆளைத் தேடியாக வேண்டும். முதலில் யாரைத் தேடுவான்? மாமனை, சித்தியை, கூடப் படித்தவனை, தனக்குக் கற்பித்த ஆசிரியரைத் தேடுவான். அவர்களும் முகத்தை முறிக்க முடியாமல் கையொப்பமிடுவர். சில மாதங்களில் கட்டுப்பணம் கட்ட வழியின்றி அவ்வொப்பந்தங்களிற் பல காலாவதியாகும். அதனோடு தரகும் நிற்கும். கொடுத்த தரகை மீளப் பிடித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களும் உள. உறவினர் வட்டம் தீர்ந்ததும் அவன் ஆற்றலும் தீர்ந்ததெனக் கொள்ளப்படுகிறது. அவன் வெளியேறுகிறான், அவன் கொணர்ந்த வாடிக்கையாளர் கம்பனிக்கே உரியவராகின்றனர். அவன் இடத்துக்கு, இன்னொரு உறவினர் வட்டத்தோடு இன்னொருவன் வருகிறான். கம்பனி விலைக்கு வாங்குவது இளைஞனின் உழைப்பை மட்டுமன்று. தலைமுறைகளாக ஓர் ஊர் கட்டிக் காத்த நம்பிக்கையையும் அது வாங்குகிறது.

“திறமை உள்ளவன் முன்னேறுகிறானே” என்பாருளர். வெளிநாட்டுப் பயணமும் கேடயமும் பெற்றோரின் புகைப்படங்களை நாமும் பத்திரிகைகளிற் காண்கிறோம். இடையில் உதிர்ந்தவரின் புகைப்படத்தை எந்தப் பத்திரிகை வெளியிடுகிறது? வென்றவனைக் காட்டித் தோற்றவன்மீதே பழிசுமத்துவது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம். நட்டத்தைப் பலரிடம் பரப்புவதைத் தொழிலாகக் கொண்ட நிறுவனம், தன் விற்பனையின் நட்டத்தை மட்டும் தனிமனிதன் ஒருவன் தலையிலே கட்டிவிடுகிறது.

உடைமை மாறினால் எல்லாம் மாறிவிடுமா? நமது நாட்டின் வரலாறு தரும் பாடம் சிந்திக்கத்தக்கது. 1961ஆம் ஆண்டின் சட்டத்தினால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. 1962இல் ஆயுட் காப்புறுதியும் 1964இல் பொதுக் காப்புறுதியும் அதன் ஏகபோகமாயின. 1980களின் பிற்பகுதியில் தனியார் கம்பனிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. 1993இல் கூட்டுத்தாபனம் வரையறுத்த கம்பனியாக்கப்பட்டது. 2003இல் தனியாருக்கு விற்கப்பட்டது. 2009இல் உயர் நீதிமன்றம் அவ்விற்பனையைச் செல்லாதென அறிவித்தது. பொதுச் சொத்து மக்களிடம் மீண்டது நல்லதே. ஆனால் பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினும், தரகை மட்டும் நம்பித் தெருவில் நடப்பவனின் நிலை தானாக மாறிவிடாது. மாற்றுவது தொழிலாளரின் ஒற்றுமையே.

அத்தகைய ஒற்றுமை முகவர்களுக்கு இயலாதென்பது பொய். 1956இல் அமெரிக்காவின் புரூடென்ஷியல் கம்பனி முகவர்கள் தம் சங்கத்தின் வழிநின்று, வேலையை விடாமலே போராடினர். சிலகாலம் புதிய வாடிக்கையாளரைத் தேட மறுத்தனர்; அறிக்கை விதிகளை மீறினர்; வாடிக்கையாளரிடமே கையொப்பம் திரட்டினர். இம்முறைகளைக் கையாண்டதனாலேயே சங்கம் நல்லெண்ணமின்றிப் பேரம் பேசியதாகக் கொள்ள முடியாதென 1960இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித்தனியே நடப்பவர்களும் ஒன்றுசேரலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இலக்கிய அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. காஃப்காவைப் பேசும்போதெல்லாம் இருத்தலின் அந்தகாரத்தைப் பேசுகிறீர்கள். அவர் 1907இல் பிராக் நகரில் ஜெனராலி என்னும் பெருங் காப்புறுதிக் கம்பனியிற் சேர்ந்து, நீண்ட வேலைநேரம் எழுத்தை விழுங்கியதால் 1908இல் விலகியதையும், பின் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்திலே கடமையாற்றியதையும் ஏன் மறக்கிறீர்கள்? மரம் இழைக்கும் இயந்திரத்தின் சதுரத் தண்டு தொழிலாளரின் விரல்களைக் கொய்வதைப் படங்களுடன் விளக்கி அறிக்கை எழுதியவர் அவர். 1915இல் வெளிவந்த அவருடைய ‘உருமாற்றம்’ கதையில், பூச்சியாகிப்போன விற்பனையாளன் ஒரு காலைப் புகையிரதத்தைத் தவறவிட்டதற்கே கம்பனியின் தலைமை லிகிதர் வீடுதேடி வந்துவிடுகிறார்! இதனைக் கனவென்று யார் சொன்னது? தோட்டத் தொழிலாளியையும் கடற்றொழிலாளியையும் எழுத முனைந்த நமது இலக்கியம், இந்தக் கழுத்துப்பட்டித் தொழிலாளியைத் தரகனென்று எள்ளி ஒதுக்குவது முறையன்று.

வாயிலில் அவனைக் கண்டதும் கதவைச் சாத்துவதில் நாம் கெட்டிக்காரர்கள். அவனுக்கும் நமக்கும் இடையே இருப்பது ஒரு மாதச் சம்பளச் சீட்டு மாத்திரமே. ஆசிரியர்களே, விடைபெறும் மாணவனுக்கு நற்சான்றிதழ் எழுதும் கையால், அவன் கையொப்பமிடப்போகும் ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாங்கி அவனோடு சேர்ந்து வாசியுங்கள். மாணவர்களே, நிரந்தரச் சம்பளம் எவ்வளவு, சேமலாப நிதி உண்டா, தரகு எப்போது நிற்கும், சங்கம் அமைக்க உரிமை உண்டா என்ற நான்கு கேள்விகளையும் கேளாமற் பேனாவைத் திறவாதீர்கள். மற்றவர் வாழ்வுக்கு உறுதி விற்பவன் தன் வாழ்வுக்கும் உறுதி கேட்பது நன்றிகேடன்று, நியாயம்.