குழந்தைகளுக்கும் நகரில் இடம் வேண்டும்!

நெதர்லாந்து நாட்டில் உள்ள பெரிய நகரம் ஆம்ஸ்டர்டாம். குளிர்காலத்தில் சில நாட்கள் அங்கே பனி கொட்டும். தெருவெல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். வண்டிகளின் ஓட்டம் குறையும்.

அப்போது குழந்தைகள் வெளியே ஓடி வருவார்கள். பனியை உருட்டுவார்கள், சறுக்குவார்கள். அன்று நகரமே அவர்களுடையது!

பிறகு பனி கரையும். வண்டிகள் திரும்பி வரும். குழந்தைகள் ஒதுங்க வேண்டியதுதான்.

பனியைவிட நிலையான ஒன்றை நகரம் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தார். அவர் பெயர் ஆல்டோ வான் ஐக். கட்டிடக் கலை நிபுணர். 1918-ம் ஆண்டு பிறந்தவர்.

முதல் மைதானம்

இரண்டாம் உலகப்போர் 1945-ல் முடிந்தது. ஆம்ஸ்டர்டாமில் பல இடங்களில் வீடுகள் இடிந்து, வெறும் மனைகள் கிடந்தன. குழந்தைகள் விளையாடப் போதிய இடம் இல்லை.

வான் ஐக் அந்த நகராட்சியின் பொதுப்பணி இலாகாவில் வேலை பார்த்தார். அங்கே யாகோபா முல்டர் என்ற பெண்மணி பொறுப்பான பதவியில் இருந்தார். பேட்டைக்குப் பேட்டை விளையாட்டு இடம் வேண்டும் என்பது அந்த அம்மையாரின் எண்ணம். அதற்குப் படம் போடும் வேலை வான் ஐக்கிடம் வந்தது.

1947-ல், பெர்ட்டெல்மான் சதுக்கத்தில் முதல் விளையாட்டு இடம் உருவாயிற்று. அகலமான கரை கட்டிய ஒரு மணல் தொட்டி. அதற்குள் 4 வட்டக் கற்கள். குட்டிக்கரணம் போடச் சில கம்பிகள். ஓரத்தில் மரங்கள், 5 பெஞ்சுகள். அவ்வளவுதான்!

ஆனால், மற்றப் பேட்டைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதினார்கள். 1978-க்குள் இப்படி 700 இடங்களுக்கு மேல் அமைந்துவிட்டன.

ஒரு கூடு, பல பயன்

அவர் அமைத்தவற்றில் புகழ் பெற்றது, ஏறி விளையாடும் கம்பிக் கூடு. குழாய்களை வளைத்து, கோழியை மூடும் பஞ்சாரத்தைப்போல் செய்தது அது.

சிறுவன் அதில் ஏறுவான். சிறுமி தலைகீழாகத் தொங்குவாள். குட்டிப்பிள்ளை உள்ளே புகுந்து வீடு கட்டி விளையாடும். பெரிய பையன்கள் உச்சியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். மணல் தொட்டியின் கரை தாய்மார்களுக்குத் திண்ணை!

யானை, குதிரை வடிவங்களை அவர் விரும்பவில்லை. காரணம் எளிது. யானை என்று செய்துவிட்டால், அது என்றைக்கும் யானைதான். வெறும் கூடோ, இன்று கோட்டை, நாளை கப்பல். எதுவென்று சொல்ல வேண்டியது குழந்தை, என்ஜினீயர் அல்ல.

சுற்றி வேலியும் இல்லை. விளையாட்டு இடம் ஊரோடு ஒட்டியே இருந்தது. தனியே அடைக்கப்பட்டது அல்ல.

கணக்கு தவறக்கூடாது

எளிய பொருள் என்றால் ஏனோதானோ என்று செய்வது அல்ல. கம்பிகளுக்கு நடுவே விடும் சந்திலேயே உயிர் இருக்கிறது.

அடைபட்ட சந்துகள் 3½ அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்டவையாக இருக்கக்கூடாது என்பது அமெரிக்க அரசின் பாதுகாப்பு யோசனை. ஏன்? அந்த அளவில் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும்! ஒன்று, அதைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். அல்லது அகலமாக இருக்க வேண்டும்.

பிடிக்கும் கம்பி சிறு கைக்கு அடங்க வேண்டும். சுமார் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பருமன் ஆகாது. கீழே சிமெண்டுத் தரை கூடாது. ஆழமாக மணல் வேண்டும். வெயில் கொளுத்தும் ஊரில் இரும்பு கையைச் சுட்டுவிடும். அங்கே மர நிழல் இல்லாமல் கம்பி நடுவது பாவம்.

விழுந்தால் எலும்பு முறியாமல் பார்ப்பது பெரியவர் கடமை. ஏறவே கூடாது என்று தடுப்பது கடமை அல்ல. ஏறிப் பழகாத பிள்ளைக்கு எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது.

சதுக்கம் யாருக்கு?

வான் ஐக் 1999-ல் காலமானார். அவர் அமைத்த இடங்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. காலி மனைகளில் கட்டிடங்கள் எழுந்தன; கார்களும் பெருகின. ஆனாலும் எஞ்சிய கம்பிக் கூடுகளில் இன்றும் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

உலகில் எந்த ஊரிலும் சதுக்கத்தில் சிலைக்கு இடம் கிடைக்கிறது. நீரூற்றுக்கு இடம் கிடைக்கிறது. வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்கிறது. குழந்தை கேட்பது சில கஜ மணலும், வளைத்த சில குழாய்களும்தான்.

வண்டிக்குக் கிடைக்கும் இடம் குழந்தைக்கு இல்லை என்றால், அது என்ன ஊர்? பனி கொட்டும் நாளுக்காகக் குழந்தைகள் காத்திருக்கக்கூடாது. பனியே பார்க்காத ஊர்க் குழந்தைகள் எதற்காகக் காத்திருப்பார்கள்?