சுருக்கமாகச் சொன்னால்...

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு வாசனை வந்தது. வாசனை என்பது மரியாதைக்குச் சொல்வது. நாற்றம்.

முதலில் பாத்ரூமைச் சந்தேகப்பட்டு பினாயில் ஊற்றினேன். அப்புறம் வீட்டம்மா உத்தரவுப்படி என் சாக்ஸைக் கைது செய்து துவைத்தேன். ஃப்ரிட்ஜில் இருந்த மூன்று நாள் வத்தக் குழம்பைக் கொட்டினேன். நாற்றம் அசையவில்லை. அசைந்தது பக்கோடாதான். அது சோபாவை விட்டு இறங்கி கிச்சனுக்குப் போனது. நாற்றமும் கூடவே போனது.

பக்கோடா தின்கிற சமாச்சாரம் இல்லை. நாய். பக் ஜாதி. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே போகுமே, அந்த ரகம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் அந்த நாய் கேட்டு அடி வாங்கினார்கள். கம்பெனி பெயர் 2007-ல் மாறிவிட்டது. நாய்க்கு மட்டும் இன்னும் 'ஹட்ச் நாய்' என்றே பெயர்.

இதை வாங்கியது என் மச்சினன். வாங்கிய எட்டாம் மாதம் பெங்களூரில் வேலை கிடைத்தது. "ஒரு மாசம் பார்த்துக்குங்க மாமா, ரூம் கிடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான். இரண்டு வருஷம் ஆகிறது. அவனுக்கு ரூம் கிடைத்து, கல்யாணமும் ஆகிவிட்டது.

பக்கோடாவின் முகத்தைப் பார்த்தால், வாராக் கடனை நினைத்துக்கொண்டிருக்கும் வட்டிக்கடைக்காரர் ஞாபகம் வரும். நெற்றியில் நாலைந்து சுருக்கம். மூக்குக்கு மேலே தடியாக ஒரு மடிப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தைப் பிடித்து "ஸோ க்யூட்!" என்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் பார்த்ததில்லை. நான் உட்பட.

வைத்தியம் சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை. "தேங்காய் எண்ணெய் தடவுங்கோ" என்றார் மாடி வீட்டு மாமி. "பவுடர் போடுங்க சார்" என்றார் எதிர் வீட்டுக்காரர். அம்மா மஞ்சள் என்றாள். யார் மனதையும் நோகடிக்கக்கூடாது என்று மூன்றையும் போட்டேன். ஒரே வாரத்தில் மடிப்புக்குள் பஜ்ஜி மாவு ரெடி.

பக்கோடா முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தது. இடது கண்ணைத் திறக்கவில்லை. ஒருநாள் என் பெண், நாலு வயசு, வழக்கம்போல அதன் கன்னத்தைப் பிடித்தபோது 'உர்ர்' என்றது. அன்றுவரை பால்காரரைப் பார்த்துக்கூட அது உறுமியதில்லை.

"குழந்தை இருக்கிற வீடுங்க. கடிக்கிற நாயை வெச்சுக்க முடியாது. தம்பிக்கு போன் போடுங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை. போன் போடுவதற்கு முன்னால் ஒருதரம் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று ஆட்டோ பிடித்தேன்.

டாக்டர் ஒன்றும் பேசவில்லை. மூக்கு மடிப்பை இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கிக் காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பு. பழுப்பாக ஒரு பிசுக்கு.

"ரெண்டு வருஷமா வெளி முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கீங்க சார்."

கண்ணீர், எச்சில், சோற்றுப் பருக்கை எல்லாம் அந்த மடிப்பில் தங்கிவிடுமாம். காற்று போகாது. தோலும் தோலும் உரசும். சாதாரணமாகவே தோலில் குடியிருக்கும் மலாசீசியா என்கிற ஈஸ்ட்டும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் அந்த ஈரத்தில் பல மடங்கு பெருகிவிடும். ஈர சாக்ஸோடு நாளெல்லாம் ஷூ போட்டிருந்தால் நம் கால் என்ன ஆகும், அதுதான். சென்னைப் புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம். எண்ணெய் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். பவுடர் கட்டிபட்டு உறுத்தும்.

அப்புறம் கண்ணில் ஒரு சாயச் சொட்டு விட்டு, நீல வெளிச்சம் அடித்தார். கருவிழியில் பச்சையாக ஒரு கீறல் தெரிந்தது. மடிப்பில் இருக்கிற முடி கண்ணில் குத்திக் குத்தி வந்த புண்.

"அது உறுமினது கோபத்துல இல்லை சார். வலியில."

எனக்குத் தலை நிமிரவில்லை.

மருந்து எழுதிக் கொடுத்தார். தினமும் செய்யவேண்டியதையும் சொன்னார். ஈரப் பஞ்சால் மடிப்புக்குள் துடைக்கவேண்டும். உடனே காய்ந்த துணியால் ஈரம் போக ஒற்றி எடுக்கவேண்டும். இந்த இரண்டாவதுதான் முக்கியம். குளோர்ஹெக்ஸிடின் மருந்துத்துணி அவர் சொல்கிற நாளில் மட்டும், அதுவும் கண்ணில் படாமல். சுருட்டை வாலுக்கு அடியிலும் ஒரு மடிப்பு உண்டு, மறக்கக்கூடாது. நாம் குளிக்கிற சோப்பு கூடாது. எடையைக் குறைக்கவேண்டும், குண்டானால் மடிப்பு ஆழமாகும். எவ்வளவு செய்தும் புண் திரும்பத் திரும்ப வந்தால் ஆபரேஷனில் மடிப்பையே எடுப்பதும் உண்டாம்.

"இந்த ஜாதிக்கு முகமே இப்படித்தானா டாக்டர்?" என்றேன்.

"நாம செஞ்ச முகம் சார் அது" என்றார்.

ராத்திரி உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். வில்லியம் ஹோகார்த் என்ற இங்கிலாந்து ஓவியர் 1745-ல் தன்னையும் தன் பக் நாயையும் வரைந்திருக்கிறார். படம் லண்டன் டேட் மியூசியத்தில் இருக்கிறது. அந்த நாய்க்கு ஒழுங்கான மூக்கு இருக்கிறது! அதற்கப்புறம் சப்பை மூக்கையும் சுருக்கத்தையும் நாம் ரசிக்க ரசிக்க, அப்படிப்பட்டதையே ஜோடி சேர்த்துச் சேர்த்து இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.

சீனத்து ஷார்பெய் கதை இன்னும் மோசம். உடம்பெல்லாம் மடிப்பு. அந்த இனம் அழியும் நிலைக்கு வந்தபோது, 1973-ல் ஹாங்காங்கைச் சேர்ந்த மாட்கோ லா அமெரிக்க நாய்ப் பிரியர்களிடம் காப்பாற்றும்படி வேண்டுகோள் விட்டார். காப்பாற்றினார்கள். கூடவே சுருக்கத்தையும் கூட்டிவிட்டார்கள். அதன் தோலில் ஹயலுரானிக் ஆசிட் அளவுக்கு மீறிச் சேர்வதால்தான் அத்தனை மடிப்பு. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்துக்கும் அந்த நாய்களுக்கு அடிக்கடி வரும் ஒரு காய்ச்சலுக்கும் தொடர்பு இருப்பதை 2011-ல் கண்டுபிடித்தார்கள்.

ஹயலுரானிக் ஆசிட்... எங்கேயோ பார்த்த பெயராக இருக்கிறதே என்று யோசித்தேன். என் மனைவி முகச்சுருக்கம் வராமலிருக்கப் பூசும் சீரம் பாட்டிலில்!

பி.காம். படித்ததில் எனக்கு மறக்காதது ஒன்றுதான். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாகவேண்டும். 'ஸோ க்யூட்' நம் கணக்கில் வரவு. பற்று மொத்தமும் பக்கோடா பேரில்.

ஆகவே, சம்பளம் வந்ததும் பக், புல்டாக் என்று கிளம்பும் நண்பர்களே, குட்டியின் மடிப்பைத் தூக்கிப் பாருங்கள். முடிந்தால் தாயின் மடிப்பையும் பாருங்கள். தினம் பத்து நிமிஷம் ஒதுக்க முடியாது என்றால், தெருமுனையில் ஒரு நாட்டு நாய் நீள மூக்கோடு உங்களுக்காகக் காத்திருக்கிறது. மடிப்பு கிடையாது. விலையும் கிடையாது.

பக்கோடா, கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர் மாதிரி கொஞ்ச நாள் திரிந்தது. கண் திறந்தது. இப்போதெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்குத் தானே வந்து என் முழங்கால்மேல் தாடையை வைத்துவிடும். நான் துடைப்பேன். பஞ்சு எடுத்துத் தருவது என் பெண்ணின் டிபார்ட்மெண்ட்.

போன வாரம் மச்சினன் வந்தான். நாயைத் தூக்கி முகர்ந்து பார்த்தான்.

"என்ன மாமா, வாடையே இல்லை? பக்னாலே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். சரி, பெரிய வீடா பார்த்தாச்சு. கூட்டிட்டுப் போகட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி நாயை வாங்கிக்கொண்டாள்.

"ஒரு மாசம் போகட்டும்டா, பார்க்கலாம்" என்றாள்.