பெருங்குடல் போன பின்னும்

நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் சென்ற மாதம் மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளொன்றோடு நம்மைக் காண வந்தார். கணவரைக் குடற்புற்றுக்குப் பறிகொடுத்தவர். மூத்த மகனுக்கோ 21 வயதில் பெருங்குடலையே அகற்றிவிட்டார்கள். "அதோடு முடிந்தது என்றிருந்தோம், சாமி. இப்போது ஆண்டுதோறும் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். ஏன்?" என்றார்.

கேள்வி நியாயமானதே. ஏ.பி.சி. என்னும் மரபணுவில் நேரும் பழுதால் வருவது இந்நோய். அம்மரபணு 1991-இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் கட்டிகள் முளைக்கும். விட்டுவைத்தால் நடுத்தர வயதிற்குள் ஒன்றேனும் புற்றாவது ஏறக்குறைய உறுதி. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் 1920-களிலேயே இத்தகைய குடும்பங்களுக்கெனப் பதிவேடு தொடங்கினர். (நம் ஞானஸ்நானப் பதிவேட்டைப் போல் அதுவும் தலைமுறைகளைத் தாங்கி நிற்கிறது.) பெருங்குடலை முன்கூட்டியே எடுத்துப் பிழைத்தவர்களிடம்தான் அடுத்த ஆபத்து தெளிவாயிற்று: இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலிலும், குறிப்பாகப் பித்தநீர் வந்து விழும் வாயருகே, அதே கட்டிகள்!

1989-இல் அம்மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்பிகல்மனும் துணைவரும் கட்டிகளின் எண்ணிக்கை, பருமன், திசு வகை, உருமாற்றம் ஆகியவற்றைக் கணக்கிட்டு 0 முதல் 4 வரை படிகள் வகுத்தனர். கீழ்ப்படியினருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இம்மகன் 3-ஆம் படியில் நிற்கிறார்.

பெரிய கட்டிக்கு அடியில் உப்புநீர் செலுத்தி மேலெழுப்பி, கம்பிச் சுருக்கை மாட்டி அறுத்தெடுக்கிறார்கள். வயிற்றைக் கீற வேண்டியதில்லை. எனினும் எளிதென்று எண்ணலாகாது. முன்சிறுகுடலின் சுவர் மெல்லியது. குருதி கசியலாம், துளையும் விழலாம். பித்தவாயில் கைவைத்தால் கணையம் அழற்சியுறலாம். அறுத்த இடத்திலேயே மீண்டும் முளைப்பதும் உண்டு. முன்சிறுகுடலையே அகற்றும் பேரறுவையைத் தவிர்ப்பது, இயலாவிடில் தள்ளிப்போடுவது, இதுவே நோக்கம். நேர்நோக்கும் கருவிக்குப் பித்தவாய் பெரும்பாலும் சரியாகத் தென்படாது. பக்கவாட்டில் நோக்கும் கருவி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்றோம்.

எழுந்தவர் தணிந்த குரலில் மற்றொன்று வினவினார். இளைய மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அவளைச் சோதியாமல் விட்டுவிடலாமா?

நாம் ஒப்பவில்லை. அண்ணனின் மரபணுப் பழுது இன்னதெனத் தெரிந்தால், தங்கைக்கு ஓர் இரத்தப் பரிசோதனையே விடை கூறிவிடும். பழுது இல்லையெனில் அவளுக்குக் குழாயும் வேண்டாம், அச்சமும் வேண்டாம். இருக்குமாயின், மறைத்து வைக்கும் ஒவ்வோர் ஆண்டும் நோய்க்கே இலாபம். மணவீட்டார் பேச்சு அதற்குப் பின்னர்தான்.

"மகளிடம் கேட்டீர்களா, அம்மா?" என்றோம். கேட்கவில்லையாம். ஞாயிறு பூசைக்குப் பின் அவளையும் அழைத்து வருவதாகச் சொல்லிச் சென்றார்.