குறை சொல்ல ஆள் வேண்டும்!

ஒரு சினிமாப் படம் நன்றாக இருக்குமா, இராதா? முதல் சில நிமிடங்களிலேயே பார்ப்பவர் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். கொட்டகையில் என்றால், “காசு கொடுத்துவிட்டோமே” என்று உட்கார்ந்திருப்பார். கையில் உள்ள போனில் என்றால், விரலால் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

அதனால் படத்தின் தொடக்கம் முக்கியம். இங்கிலாந்தில் அதைப் பள்ளிப் பாடமாகவே வைத்தார்கள்.

2 நிமிடப் பரீட்சை

அந்த நாட்டில் பரீட்சை நடத்தும் அமைப்புகளில் ஒன்று ஓ.சி.ஆர். அது 2008-ம் ஆண்டு கொண்டுவந்த “மீடியா” பாடத்தில் ஒரு விசித்திரமான வேலை இருந்தது. மாணவர்கள் முழுப் படம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு புதிய கதைப் படத்தின் தொடக்கத்தை மட்டும், பெயர் எழுத்துக்களோடு எடுக்க வேண்டும். 2 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு குழுவில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

மொத்தம் 100 மார்க். எடுத்த படத்துக்கு 60. ஆராய்ச்சிக்கும் திட்டத்துக்கும் 20. முடிவில் தங்கள் வேலையைத் தாங்களே எடை போடுவதற்கு 20. அதாவது, 40 மார்க் காமிராவுக்கு வெளியே!

அந்தப் பாடத்திட்டம் பின்னர் மாறியது. ஆனாலும் கேம்பிரிட்ஜின் சர்வதேசப் பாடத்திட்டத்திலும் இதே பயிற்சி இடம் பெற்றது.

“பிரமாதம்!”

இந்த வேலையில் ஒரு முக்கியமான கட்டம் உண்டு. குழுவினர் தங்கள் யோசனையை வகுப்பில் சொல்வார்கள். படம் வரைந்தும் காட்டுவார்கள். மற்ற மாணவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் தொல்லை. அலாரம் அடிக்கிறது, கதாநாயகன் எழுந்து பல் துலக்குகிறான். அல்லது, ஒரு பெண் காட்டுக்குள் ஓடுகிறாள், முகமூடிக்காரன் துரத்துகிறான். எத்தனையோ பேர் எடுத்துச் சலித்த காட்சிகள் இவை. ஆனாலும் நண்பர்கள், “பிரமாதம்!” என்று சொல்லிவிடுவார்கள். நண்பன் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம் ஒரு காரணம். நாளை நம் முறை வரும்போது அவன் நம்மைக் குறை சொல்வானே என்ற பயம் இன்னொரு காரணம்.

இதனால் நஷ்டம் யாருக்கு? யோசனை காகிதத்தில் இருக்கும்போது, திருத்த ஒரு பென்சில் போதும். படம் எடுத்த பிறகு திருத்த வேண்டுமானால் அதே ஆட்கள், அதே உடை, அதே வெளிச்சம் எல்லாம் மறுபடியும் வேண்டும். 60 மார்க்கும் ஆட்டம் காணும்.

பிணங்கள் பேசின!

பெரிய டைரக்டர்களும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. அமெரிக்க டைரக்டர் பில்லி வைல்டர், “சன்செட் பூல்வார்ட்” என்ற படத்தை எடுத்தார். பிணக் கிடங்கில் படம் தொடங்கியது. தாங்கள் எப்படிச் செத்தோம் என்று பிணங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. சோதனைக்காக இல்லினாய்ஸ் மாநிலத்தில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மனம் கனக்க வேண்டிய இடத்தில் ஜனங்கள் சிரித்தார்கள்!

வைல்டர் ஜனங்களோடு சண்டைக்குப் போகவில்லை. அந்தக் காட்சியை வெட்டி எறிந்தார். நீச்சல் குளத்தில் மிதக்கும் பிணம் தன் கதையைச் சொல்வதுபோல் மாற்றினார். செத்தவன் கதை சொல்கிறான் என்ற மூல யோசனை அப்படியே இருந்தது. சொன்ன விதம்தான் மாறியது. 1950-ல் வெளிவந்த அந்தப் படம், கதை-திரைக்கதை உள்பட 3 ஆஸ்கார் பரிசுகளை வென்றது.

யோசனை வேறு, கட்டளை வேறு

பிறர் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டுமா? அப்படியும் இல்லை.

ஆர்சன் வெல்ஸ் எடுத்த “டச் ஆப் ஈவில்” படம் 1958-ல் வெளிவந்தது. ஒரு காரில் வெடிகுண்டு வைக்கப்படுகிறது. காமிரா 3 நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் அந்தக் காரோடு ஊரைச் சுற்றுகிறது. ஸ்டுடியோ அந்தக் காட்சியின் மேல் பெயர் எழுத்துக்களையும் இசையையும் போட்டது. படத்தைத் தன் இஷ்டப்படி மாற்றியது. வெல்ஸ் 58 பக்கத்தில் குறிப்பு எழுதி அனுப்பினார். பல யோசனைகள் ஏற்கப்படவில்லை. அவர் 1985-ல் காலமானார். 1998-ல்தான் அந்தக் குறிப்பை வழிகாட்டியாக வைத்துப் படத்தை மறுபடியும் தொகுத்தார்கள். தொடக்கத்தில் எழுத்துக்கள் நீங்கின. தெருவின் ஓசை கேட்டது.

வைல்டருக்குக் கிடைத்தது கருத்து. வெல்ஸுக்குக் கிடைத்தது கட்டளை. கருத்தைக் கேட்டு முடிவு செய்யும் உரிமை, படம் எடுப்பவரிடமே இருக்க வேண்டும்.

எந்திரமும் முகஸ்துதியும்

இன்று மாணவர்களுக்கு ஒரு புது நண்பன் கிடைத்திருக்கிறான். கேட்டதற்குப் பதில் சொல்லும் கம்ப்யூட்டர் எந்திரம்! “என் கதை எப்படி?” என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. ஆனால் அதுவும் முகஸ்துதி செய்யும். 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம், தன் சாட்ஜிபிடியில் செய்த ஒரு மாற்றத்தையே திரும்பப் பெற்றது. அது ஆட்களை அளவுக்கு மீறிப் புகழ்ந்ததுதான் காரணம்.

எந்திரத்துக்குக் கொட்டாவி வராது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு வரும். அந்தக் கொட்டாவியே பெரிய விமர்சனம்!

எப்படிச் சொல்வது?

குறை சொல்வதற்கும் முறை உண்டு. முதலில், பார்த்தவருக்கு என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும். “இது பேய்க் கதையா, திருட்டுக் கதையா?” என்பதே அவருக்குத் தெரியவில்லை என்றால், அதைச் சொன்னாலே போதும். அடுத்து, எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று சொல்ல வேண்டும். “நன்றாயில்லை” என்பதைவிட, “கதவு திறக்கும்வரை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை” என்பது உதவும். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரலாம்.

யோசனை சொன்னவருக்கும் ஒரு விதி உண்டு. குறுக்கே பேசி விளக்கம் தரக் கூடாது. கொட்டகையில் ஒவ்வொருவர் பக்கத்திலும் டைரக்டர் உட்கார்ந்து விளக்கம் சொல்ல முடியாது அல்லவா?

இது சினிமாவுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. கட்டுரை எழுதும் பிள்ளைக்கும், கடை வைக்கப் போகிறவருக்கும் பொருந்தும். வேலை தொடங்கும் முன்பே இடித்துச் சொல்லும் நண்பன் கிடைத்தால், அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பணமும் பொழுதும் வீணாகாமல் காப்பவன் அவன்தான்.