சாக்கடைச் செடின்னு சொன்ன சாருக்கு...

கொஞ்சம் சூடான பதிவு. மென்மையான மனசுக்காரங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம்.

போன மாசம் எங்க அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டம். பின்பக்கம் துணி துவைக்கிற தண்ணி போய்ச் சேர்ற மூலையில நாலைஞ்சு தூர் கல்வாழை இருந்தது. செவப்பும் மஞ்சளுமா எப்பப் பார்த்தாலும் பூத்துக்கிட்டே இருக்கும். "அது சாக்கடைச் செடி சார், கொசு வருது, பார்க்க அசிங்கமா இருக்கு" என்றார் ஒருத்தர். எல்லாரும் தலையாட்டிட்டாங்க. ரெண்டே நாள்ல செடியைப் பிடுங்கி, டைல்ஸ் ஒட்டி, ஓரத்துல புல்தரை போட்டாச்சு. அந்தப் புல்லுக்கு இப்போ தினம் ரெண்டு வேளை நல்ல தண்ணி. துவைக்கிற தண்ணி? பைப் வழியா நேரா தெருச் சாக்கடைக்கு!

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கலை. பொட்டி தட்டுறவனுக்கு மீட்டிங்ல மண்டையாட்டுறது பழக்கம்தானே. அன்னைக்குப் பேசாததை இங்கே பேசித் தீர்த்துக்கிறேன்.

முதல்ல கொசு. கொசு செடியில முட்டை போடாது சார், தேங்கி நிக்கிற தண்ணியில போடும். தண்ணி தேங்கினா வழிஞ்சு போற பாதையைச் சரி பண்ணணும். ஒரு அடி பள்ளம் தோண்டி, ஜல்லியும் மணலும் போட்டு, தண்ணி மேலே தெரியாம அடியிலேயே ஓடுற மாதிரி பண்ணா முடிஞ்சது கதை. மானிட்டர்ல எர்ரர் வந்தா மானிட்டரையா உடைப்போம்?

அடுத்தது, சாக்கடைச் செடி. சாக்கடை ஓரம் நல்லா வளருதே, அதுதான் அதோட பெருமை! கல்வாழைக்கு வேர்ல எப்பவும் ஈரம் வேணும். சகதியிலயும் அழுகாம நிக்கும், அழுக்குத் தண்ணியில இருக்கிற நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உரமா இழுத்துக்கும். அதனாலதான் கழிவுநீரைச் சுத்தம் பண்ற வேர்ப்படுகைகள்ல உலகம் பூரா இதை நடறாங்க. பேருல வாழை இருந்தாலும் இதுக்குத் தனிக் குடும்பம். இஞ்சியும் மஞ்சளும் தூரத்துச் சொந்தம். லத்தீன் பேர்ல 'இண்டிகா' இருக்கே தவிர, பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம்.

எங்க ஆச்சிக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. அம்பாசமுத்திரத்துல புறவாசல்ல, துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு வரிசை கல்வாழை. பக்கத்துல சேம்பு, அதைத் தாண்டி வாழை. ஒரு நாள்கூட அதுக்குன்னு தண்ணி ஊத்தி நான் பார்த்ததில்லை. குளிச்ச தண்ணியும் துவைச்ச தண்ணியும் அங்கேயே குடிச்சு முடிஞ்சிடும். இஞ்சினியரிங் படிச்ச நாம அதை மூடி டைல்ஸ் ஒட்டுறோம்.

2019 ஜூன் மறந்து போச்சா மக்களே? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்தது. லாரித் தண்ணிக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தோட நின்னோம். அப்பவும் வாஷிங் மெஷின் தண்ணி சாக்கடைக்குத்தான் போச்சு. மேலே துணி போடுற மெஷின் ஒரு தடவை ஓடினா 100 லிட்டர் கிட்ட காலி. காசு கொடுத்து வாங்கின தண்ணியை ஒரே தடவைல தூக்கிப் போட்டுட்டு, புல்லுக்கு நல்ல தண்ணி ஊத்துறதுக்குப் பேரு அழகா?

இன்னொரு கோஷ்டி இருக்கு. ஊட்டியில பார்த்து மயங்கி ஹைட்ரேஞ்சியா தொட்டி வாங்கிட்டு வந்து, சென்னை மே மாச வெயில்ல அதைக் கருக விட்டு, "செடி வளர்க்க நமக்கு ராசி இல்லை"ம்பாங்க. ராசி இல்லாம என்ன? ஊருக்கு ஏத்த செடியைத் தேடலை, அவ்வளவுதான்.

சும்மா திட்டிட்டுப் போகக் கூடாதில்லையா? வளர்க்கிற விதம் இதோ:

- ரெண்டு மூணு முளை இருக்கிற கிழங்குத் துண்டு, நாலு விரல் ஆழம், ஒன்றரை அடி இடைவெளி. அரை நாளாவது வெயில் வேணும்.
- பூத்து முடிச்ச தண்டு மறுபடி பூக்காது. அடியோட வெட்டுங்க, பக்கத்துல புதுசு வரும். அசிங்கமா தெரியறது இந்தக் காய்ஞ்ச தண்டாலதான்!
- ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை தோண்டிப் பிரிச்சு நடுங்க.
- இலை சுருண்டா உள்ளே புழு இருக்கும், நசுக்கிடுங்க. இலையில மஞ்சள் கோடு கோடா வந்தா வைரஸா இருக்கலாம். அந்தக் கிழங்கை யாருக்கும் கொடுக்காதீங்க.
- பிளீச்சிங், எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணி வேண்டாம். சோப்பு உப்பு சேராம இருக்க அப்பப்போ நல்ல தண்ணியும் விடுங்க. டாய்லெட் தண்ணியை இதுல விடவே கூடாது.

பிடுங்கிப் போட்ட குப்பையிலிருந்து ராத்திரி திருட்டுத்தனமா மூணு கிழங்கு எடுத்துட்டு வந்தேன். பால்கனியில பழைய பெயின்ட் பக்கெட்ல, அடியில ஓட்டை போட்டு நட்டாச்சு. மெஷினோட கடைசி அலசல் தண்ணிதான் ஊத்துறேன். ரெண்டு குருத்து வந்திருக்கு. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பக்கெட்டோட போறதா உத்தேசம். இந்தத் தடவை பேசாம வந்தா நீங்களே வந்து கும்முங்க.

பி.கு: தூர் கட்டினதும் கிழங்கு பிரிச்சுத் தரேன். வேணும்ங்கிறவங்க பின்னூட்டத்துல துண்டு போட்டு வைங்க. சங்கத் தலைவருக்கு முன்னுரிமை உண்டு :-)