கருவி வாங்கினால் மட்டும் போதுமா?

நமது சங்கங்களில் பேரேடுகள் அடுக்கியிருந்த மர அலமாரிகளின் இடத்தைக் கணினிகள் பிடித்து வருகின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. 63,000 சங்கங்களுக்கு 2,516 கோடி ரூபாய் செலவாகும் என்று அப்பொழுது மதிப்பிடப்பட்டது. இது வரவேற்கத்தக்க காரியமே. எனினும், அக்கணினிகளைப் பிணைக்கும் வலைப்பின்னலை யார் பராமரிப்பது என்ற கேள்விக்கு நாம் போதிய கவனம் செலுத்தவில்லை என்பது எமது அபிப்பிராயம்.

பல கணினிகளும், ரவுட்டரும், சுவிட்சும், கிடங்குக்கும் விற்பனை நிலையத்திற்கும் செல்லும் இணைப்புகளும் உடைய சங்கம், அவற்றைக் கண்காணிக்க ஒரு மேலாண்மைக் கருவியை வாங்குவதுண்டு. அதன் வேலை விளங்காத ஒன்றன்று. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை ஒவ்வோர் இயந்திரத்தையும் அது விசாரிக்கிறது. பதில் வராவிடில் எச்சரிக்கை அனுப்புகிறது. எந்த இணைப்பில் எவ்வளவு சுமை ஏறிற்று என்று குறித்து வைக்கிறது. ஏரிப் பாசனத்தில் மடைதோறும் சென்று பார்த்து வரும் நீர்க்கட்டியின் வேலையை ஒத்தது இது. ஆனால் நீர்க்கட்டி கசிவைக் கண்டால் மண்வெட்டியை எடுப்பார். இக்கருவியோ கசிவைச் சொல்லுவதோடு நின்றுவிடும். அது சொல்வதைக் கேட்டுச் செயற்பட ஒரு மனிதர் வேண்டும்.

நிறுவும் நாளிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும். 2016 ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீய நிரல், இவ்வாறு மாற்றப்படாத 60க்கு மேற்பட்ட கடவுச்சொற்களை வரிசையாக முயன்று பார்த்தே, கேமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டே பெரிய இணையத் தளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் எட்ட முடியாமற் செய்தனர். இயந்திரங்களை விசாரிக்கும் எஸ்.என்.எம்.பி. முறையின் பழைய பதிப்புகளிலும் 'பப்ளிக்' என்ற சொல்லே பல கருவிகளில் திறவுகோலாக அமைந்திருக்கும். அதனையும் மாற்ற வேண்டும். கருவியின் கட்டுப்பாட்டுப் பக்கத்தை வெளி இணையத்திற்குத் திறந்து வைக்கலாகாது. அங்கத்தினர்கள் உபயோகிக்கும் வைஃபையிலிருந்தும் அதனைப் பிரித்து வைப்பது அவசியம். கருவியின் கடிகாரமும் சரியாக இருத்தல் வேண்டும். நேரம் தவறிய குறிப்பு, தேதி தவறிய ரசீதுக்குச் சமம்.

பின்னர் வருவது பராமரிப்பு. கருவியின் அமைப்பு விவரங்களை மாதம் ஒருமுறை நகலெடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். அந்நகலிலிருந்து கருவியை மீட்க முடிகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதிக்காமல் ஏற்ற வேண்டும். ஆனால் முதலில் நகலெடுத்துக் கொண்டு, கொள்முதலோ கூலிப் பட்டுவாடாவோ நடவாத வேளையில் அதனைச் செய்ய வேண்டும். நெசவாளர் சங்கங்களில் பஞ்சுத் தூசி கருவியின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். சூடேறினால் அதன் ஆயுள் குறையும். யு.பி.எஸ். மின்கலங்கள் சில ஆண்டுகளில் வலுவிழப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

"இவையெல்லாம் விற்றவர் பொறுப்பல்லவா?" என்று நிர்வாகிகள் சிலர் கேட்கக்கூடும். விற்றவரின் உதவி வேண்டியதுதான். ஆனால் சாவி சங்கத்தினுடையது. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் உபயோகத்திலிருந்த ஒரு வலைப்பின்னல் மேலாண்மை மென்பொருளின் திருத்தத்திலேயே களவு நிரல் புகுத்தப்பட்டது தெரிய வந்தது. ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்களிடம் அது சென்று சேர்ந்திருந்தது. எல்லாவற்றையும் பார்க்கும் கருவிக்கு எல்லா அதிகாரமும் அளிப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இது காட்டுகிறது. பார்ப்பதற்கு மட்டும் உரிமை போதுமெனில், மாற்றுவதற்கும் உரிமை தருவானேன்?

நம் நாட்டிலும் படிப்பினை உண்டு. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார ஊரக வங்கிகளுக்கும் கணினிச் சேவை அளித்த ஒரு நிறுவனம் பிணைப்பணம் கேட்கும் நிரலால் தாக்கப்பட்டது. தாக்குதல் பரவாதிருக்க, அந்நிறுவனம் தேசியப் பணப் பரிமாற்ற அமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. சுமார் 300 வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்குப் பணப் பரிமாற்றம் தடைப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. யாரோ ஒருவரின் கதவு திறந்திருந்தால், கடன் தவணை கட்ட வந்த உழவரும் கூலி பெற வந்த நெசவாளரும் வரிசையில் காத்து நிற்க நேரிடும்.

ஆகையால், கருவி வாங்கும் தீர்மானம் பொதுச்சபைக்கு வரும்பொழுது அங்கத்தினர்கள் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது? பொறுப்பாளர் யார், அவர் விடுப்பில் சென்றால் மற்றொருவர் யார்? கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் உள்ளனவா, பணியாளர் மாறும்போது மாற்றப்படுகின்றனவா? எச்சரிக்கைகளும் அவற்றிற்கு எடுத்த நடவடிக்கையும் மாதந்தோறும் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படுமா?

இந்நான்கிற்கும் விடை கிடைக்காவிடில், வாங்குவதைச் சில மாதங்கள் தள்ளிவைப்பதே நலம். செலவு அதிகம் என்று பராமரிப்பை மட்டும் வெட்டிவிட்டுக் கருவியை வாங்குவது சிக்கனமாகாது. பாவு தோய்ந்து தறியேற்றிய பின், அறுந்த இழையைப் புணைக்க ஆளில்லை என்று எந்த நெசவாளரும் தறியை விட்டு எழுந்து போவதில்லை. சங்கத்தின் காரியத்திலும் அந்த வழக்கத்தையே நாம் கைக்கொள்வோமாக.